அடம் பிடிக்கும் பிள்ளை எதைக் கேட்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிள்ளைகளின் அடம் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். பெற்றோர் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதன் விளைவுதான் இதெல்லாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'அடியாத மாடு படியாது' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இவற்றுக்கு நடுவே, "அடித்தும் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன், இனி என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று நான்கே வரியில் ஒரு தாய் எழுதியிருந்த கடிதத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அதே கேள்வியை மூன்று ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தவள் நான் என்பதால், அவருக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளமாகத்தான் இருக்கும். இடமிருந்தால் முழுவதையும் வெளியிட வேண்டுகிறேன்.

என் மகனுக்கு இப்போது எட்டு வயது. பேச்சு தாமதமாக வந்தது. ஐந்தாவது வயதில் ஆட்டிசம் என்று மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். நான்கு வயதிலிருந்தே கோபம் வந்தால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வான். கையில் கிடைத்ததை வீசுவான். அருகில் இருப்பவர் யாரானாலும், கைக்குழந்தையாக இருந்த தங்கையே ஆனாலும், அடிப்பான். கடித்துக் கடித்து அவனுடைய வலது மணிக்கட்டின் தோல் தடித்துக் கறுத்துப்போயிருந்தது. இளையவளுக்கு வளர்ச்சிச் சிக்கல் எதுவுமில்லை. ஆனாலும் மகனுக்குப் பலன் தந்த, நான் இங்கே சொல்லப்போகும் 'நேர்மறை நடத்தை ஆதரவு' என்ற வழிதான் அவளுடைய அடத்துக்கும் கைகொடுத்தது. ஆகவே சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு மட்டுமான செய்தி இது என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

மகனை நானும் அடித்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. அடி விழுந்ததும் கத்தல் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணம்தான் என்னை ஏமாற்றியது. பிள்ளை அடங்கியதும் கிடைக்கிற நிம்மதி, அடுத்த முறை நம் கையை இன்னும் சீக்கிரமாக ஓங்க வைக்கிறது. பிள்ளையோ, முன்னைவிடப் பெரிதாகக் கத்தினால்தான் பெரியவர்கள் இறங்கி வருவார்கள் என்று பழகிக்கொள்கிறது. இருவரும் ஒருவருக்கொருவர் முரட்டுத்தனத்தைக் கற்றுக்கொடுக்கும் இந்தச் சுழலை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கவனித்த ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். அதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருவர் மறைந்து நின்று பார்த்து எழுதியது போலவே எனக்கு இருந்தது.

அடித்து வளர்த்தால்தான் உருப்படும் என்று எழுதிய வாசகருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டு எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் ஆகிய இரு ஆய்வாளர்களும், ஐம்பது ஆண்டுகளில் நடந்த 75 ஆய்வுகளை, அதாவது 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பிட்டத்திலோ கையிலோ லேசாகத் தட்டுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அடியோடுகூட, பிள்ளைகளின் முரட்டுத்தனமும் மனச் சிக்கல்களும் பெற்றோருடனான உறவுக் கசப்பும் கூடுதலாகவே சேர்ந்து காணப்பட்டன. நன்மை என்று சொல்லத்தக்க எதுவும் தென்படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2018-ல் எந்த வடிவிலும் அடிக்க வேண்டாம் என்று பெற்றோருக்குத் தெளிவாகவே அறிவுறுத்தியது. சுவீடன் நாடு 1979-லேயே வீட்டுக்குள் அடிப்பதையும் சட்டத்தால் தடுத்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், அடிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, பிறகு என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்தத் தாயின் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

எனக்கு வழிகாட்டியவர் ஒரு சிறப்பாசிரியை. முதல் சந்திப்பில் அவர் மகனை ஒன்றும் செய்யவில்லை. என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று கட்டங்களாகப் பிரிக்கச் சொன்னார். நடப்பதற்கு முன் என்ன இருந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பவைதான் அந்த மூன்று. இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள் என்றார். 'காரணமே இல்லாமல் கத்தினான்' என்று ஒரு முறைகூட எழுதக்கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. சிகிச்சை கேட்டு வந்தவளிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புகிறாரே என்று எனக்கு ஏமாற்றமாகவும், உண்மையைச் சொன்னால், சற்றுக் கோபமாகவும் இருந்தது.

அந்த நோட்டின் ஒரு பக்கத்தை அப்படியே இங்கே தருகிறேன். "செவ்வாய், மாலை 6.20. முன்: தரையில் பொம்மை வண்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசி வண்டி கையில் இருந்தது. நான் பின்னாலிருந்து வந்து, 'போதும், எழுத வா' என்று தோளைப் பிடித்துத் தூக்கினேன். நடந்தது: வண்டியைச் சுவரில் வீசினான், மணிக்கட்டைக் கடித்தான், 11 நிமிடம் அழுதான். பின்: மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தேன். அழுது களைத்துவிட்டான் என்பதால் இன்றைக்கு எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்."

இதை எழுதியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு வாரம் முடிந்து பக்கங்களைப் புரட்டியபோதுதான், பொழுது விடிந்தால் பொழுது போனால் எந்நேரமும் கத்துகிறான் என்று நான் எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தது உண்மையில்லை என்று தெரிந்தது. பெரும்பாலான பதிவுகள் மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்குள்தான் இருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை, அவன் ஆழ்ந்து செய்துகொண்டிருந்த ஒன்றை முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தி எழுத உட்காரவைத்த தருணங்கள். மூன்றாவது கட்டத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்துக்குப் பக்கம், 'எழுதுவது நின்றது', 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்', 'விட்டுவிட்டேன்' என்றே முடிந்திருந்தது. மணிக்கட்டைக் கடித்தால் எழுத வேண்டியதில்லை என்று அவனுக்குப் பாடம் நடத்தியது நான்தான். அவன் அந்தப் பாடத்தை மிக நன்றாகவே படித்திருந்தான்.

தங்கையை அடித்த பதிவுகள் வேறொரு கதையைச் சொல்லின. அவை நான் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதோ, அவளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோதோ நடந்திருந்தன. அடித்த மறுநொடியே நான் ஓடிவந்து அவன் முகத்துக்கு நேரே நின்று திட்டியிருந்தேன். திட்டுவதும் ஒருவகைக் கவனிப்புதான் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இவை இரண்டிலும் சேராமல் சில பதிவுகள் இரவு நேரத்தில் இருந்தன. அந்த நேரங்களில் கன்னத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு கடித்திருந்தான். பல் மருத்துவரிடம் அழைத்துப்போனபோது பின்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வேர்வரை போயிருந்தது. அதற்குச் சிகிச்சை முடிந்ததும் இரவுக் கடி தானாக நின்றது. வலிக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை அதை வேறு எப்படிச் சொல்லும்? பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, வலிப்பு, மருந்தின் பக்கவிளைவு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்காமல், திடீரென்று மாறிப்போன பிள்ளையின் போக்கை வீம்பு என்று முடிவுகட்டுவது கொடுமை என்றே இப்போது நினைக்கிறேன்.

இந்த முறையைத்தான் நேர்மறை நடத்தை ஆதரவு என்கிறார்கள். பெயரைக் கேட்டால் பெரிய சாத்திரம் போலத் தோன்றும், அடிப்படை எளிமையானது. பிள்ளை திரும்பத் திரும்பச் செய்கிற எதுவும் அதற்கு ஏதோ ஒரு வகையில் பயன்படுவதால்தான் தொடர்கிறது. ஒருவருடைய கவனம் கிடைப்பது, பிடிக்காத ஒன்றிலிருந்து தப்புவது, வேண்டிய பொருளோ விளையாட்டோ கிடைப்பது, உடலுக்கு அதுவே ஒரு சுகமாகவோ ஆறுதலாகவோ இருப்பது என்று அந்தப் பயனைப் பெரும்பாலும் நான்காகப் பிரித்துச் சொல்வார்கள். வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும் செயலுக்கு உள்ளே இருக்கும் பயன் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். ஒரே பிள்ளைக்கே காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்காமல் கைக்கு வந்த வைத்தியத்தைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வீடே சாட்சி. எழுதும் நேரத்தில் புத்தகத்தை வீசியதற்குத் தண்டனையாக அவனை மூலையில் தனியே உட்காரவைத்தோம். எழுதாமல் தப்ப வேண்டும் என்பதுதான் அவனுடைய தேவை என்றால், மூலை தண்டனையா, பரிசா? அதேபோல, கவனத்துக்காகக் கத்துகிற பிள்ளைக்கு அருகில் உட்கார்ந்து ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்று கால்மணி நேரம் விளக்குவது, அது கேட்டதைத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்குச் சமம். ஆனால் பயத்தாலோ வலியாலோ அழுகிற பிள்ளையைக் கவனிக்காதீர்கள் என்று சொல்வதோ பெரும் பிழை. ஆகவே, பிள்ளை அழுதால் கண்டுகொள்ளாதீர்கள் என்று பொதுவாக எழுதப்படும் அறிவுரைகளை நான் ஏற்பதில்லை. எந்த அழுகை என்று தெரியாமல் அதற்கு மருந்து சொல்ல முடியாது.

காரணம் தெரிந்தபின் நாங்கள் முதலில் மாற்றியது மகனை இல்லை, அவனைச் சுற்றியிருந்தவற்றைத்தான். விளையாட்டை நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பே, அவன் கண்ணெதிரில் உட்கார்ந்து, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்போம். மாலையில் அடுத்தடுத்து நடக்கப்போவதைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினோம். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே கழற்றிப் பெட்டியில் போடுவான். நாளை என்ன, அடுத்து என்ன என்பது தெரியாமல் தவிக்கும் பிள்ளைக்கு, சுவரிலிருக்கும் அந்த நான்கு படங்கள் தரும் நிம்மதியை நான் கண்கூடாகப் பார்த்தேன். ஒரு பக்கம் எழுது என்று சொன்ன இடத்தில் மூன்று வரி எழுது, பிறகு வண்டி என்று சொல்லத் தொடங்கினோம். பென்சிலா கிரேயானா, மேசையா தரையா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அவனிடமே விட்டோம். எழுத வேண்டும் என்பதில் மாற்றமில்லை. எப்படி என்பதில் அவனுக்கும் ஒரு குரல் இருந்தது. தங்கையைத் தூங்கவைக்கும் முன் பத்து நிமிடம் கைபேசியைத் தொடாமல் அவனோடு மட்டும் உட்காருவேன். கேட்டு வாங்குவதற்கு முன்பே கவனம் கிடைத்துவிட்டால் அடித்து வாங்க வேண்டிய தேவை குறைகிறது.

இவற்றைவிட முக்கியமானது, பிள்ளைக்கு வேறொரு வழியைக் கற்றுக்கொடுப்பது. எட்வர்டு கார், மார்க் டூரண்டு என்ற இருவர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்புமுனை. வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளிடம் அவர்கள் பார்த்தது இது: பாடம் கடினமானதால் முரண்டு பிடித்த பிள்ளைக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று கேட்டு உதவி பெறவும், ஆசிரியரின் கவனத்துக்காக முரண்டு பிடித்த பிள்ளைக்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' என்று கேட்கவும் சொல்லிக்கொடுத்தபோது முரண்டு வெகுவாகக் குறைந்தது. வாக்கியத்தை மாற்றிக் கொடுத்தபோது, அதாவது தேவைக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது, குறையவில்லை. அடத்துக்கு மாற்றாகத் தரப்படும் சொல், அடம் எதைப் பெற்றுத்தந்ததோ அதையே பெற்றுத்தர வேண்டும். அடத்தைவிடச் சுலபமாகவும் விரைவாகவும் பெற்றுத்தர வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை எதற்காகப் பழைய வழியை விடும்?

என் மகனுக்கு அப்போது கோபத்தில் பேச்சு வராது. அதனால் உள்ளங்கை அளவு அட்டையில் திறந்த கையின் படத்தை வரைந்து, 'கொஞ்சம் நிறுத்து' என்று எழுதி மேசையில் ஒட்டினோம். அதைத் தொட்டால் இரண்டு நிமிடம் எழுந்து போகலாம். அவன் அமைதியாக இருக்கும் நேரங்களில், அவன் கையைப் பிடித்து அட்டையைத் தொடவைத்து, தொட்ட மறுநொடியே புத்தகத்தை மூடி, மறுபடி மறுபடி பழக்கினோம். கேட்கும்போதெல்லாம் விட்டால் பிறகு அவன் எழுதவே மாட்டானே என்று என் கணவர் கேட்டார், நியாயமான கேள்விதான். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் ஒரு வரிக்கு ஒருமுறை தொட்டான். ஆனால் அந்த மாலையில் ஒரு கடிகூட இல்லை. இரண்டு வாரம் கழித்து, தொட்டதும் 'இந்த வரி முடிந்ததும்' என்றோம். பிறகு இரண்டு வரி, பிறகு நான்கு வரி. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தபிறகுதான் காத்திருக்கும் பொறுமை வந்தது. பொறுமையை முதலில் எதிர்பார்த்து நம்பிக்கையைப் பிறகு தருவோம் என்று நான் அதுவரை தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகின்றன. இதுவரை பலன் தந்த கத்தலுக்கு இனிப் பலன் இல்லை என்றானதும், அது உடனே குறையாமல் போகலாம். சில நாட்களுக்கு முன்பைவிட அதிகமாகவும் ஆகலாம். எவ்வளவு கத்தினால் பழையபடி கிடைக்கும் என்று பிள்ளை முயன்று பார்க்கிறது. அந்த நாட்களில் தாங்க முடியாமல் ஒருமுறை விட்டுக்கொடுத்தால், 'இவ்வளவு கத்தினால் போதும்' என்ற புதிய அளவை நாமே வகுத்துக் கொடுத்தவர்களாவோம். எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தது நின்றால் பழக்கம் சீக்கிரம் விடும். எப்போதாவது மட்டும் கிடைத்துக்கொண்டிருந்ததோ எளிதில் விடவே விடாது என்பது அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்து ஆய்வகங்களில் உறுதிப்பட்ட செய்தி. பத்து நாள் மறுத்துப் பதினோராவது நாள் கொடுப்பவர், தினமும் கொடுப்பவரைவிடப் பிடிவாதத்தை ஆழமாக வேரூன்றச் செய்கிறார்.

இது எங்கள் வீட்டில் பாட்டி விஷயத்தில் நடந்தது. பேரன் கண்ணீர் விட்டால் அவருக்குத் தாங்காது. கைபேசியை ஒளித்துக் கொடுத்துவிடுவார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் வீண் என்பது பிறகுதான் புரிந்தது, ஏனென்றால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவே இல்லை. ஒரு நாள் நோட்டை அவர் கையில் கொடுத்து, அன்றைய பதிவுகளை நீங்கள் எழுதுங்கள் அம்மா என்றேன். மூன்றாவது நாள் அவரே வந்து, "இவன் அழுதது கைபேசிக்கு இல்லை, நான் எழுந்து உள்ளே போனபோதுதான் அழுதான்" என்றார். அதன்பின் எழுந்து போகும்போதெல்லாம் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போவதை அவராகவே வழக்கமாக்கிக்கொண்டார். அந்த ஒன்று நாங்கள் எல்லாரும் தவறவிட்டது.

பாராட்டைப் பற்றியும் பரிசைப் பற்றியும் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. நல்லது செய்ய லஞ்சம் கொடுப்பதா என்று கேட்கிறார்கள். கத்திக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், நிறுத்து, உனக்கு இன்னது தருகிறேன் என்பதுதான் லஞ்சம். அது கத்தலுக்குத் தரப்படும் கூலி. முன்பே பேசிவைத்தபடி, கேட்டு வாங்கியதற்கும் காத்திருந்ததற்கும் தருவது வேறு. அதிலும் 'நல்ல பையன்' என்ற பொத்தாம்பொதுவான சொல்லால் பெரிய பயனில்லை. 'வண்டியை வீசாமல் அட்டையைத் தொட்டாயே, அது நன்றாக இருந்தது' என்று செய்ததைப் பெயர்சொல்லிச் சொன்னால்தான் மறுபடி எதைச் செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. ஒரு நாளில் எத்தனை முறை திட்டினேன், எத்தனை முறை இப்படிச் சொன்னேன் என்று நான் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொந்தளிப்பின் உச்சத்தில் இவற்றில் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. அந்த நேரத்தில் யாருக்கும் காயம் படாமல் பார்த்துக்கொள்வதும், தங்கையை அப்புறப்படுத்துவதும், வீசக்கூடியவற்றை எடுத்துவிடுவதும், குரலைத் தாழ்த்தி ஓரிரு சொற்களோடு நிறுத்திக்கொள்வதும், அருகிலேயே இருப்பதும் போதும். நியாயம் பேசுவதெல்லாம் ஆறியபிறகுதான். அந்தச் சில நிமிடங்களில் என் மூச்சை நான் கட்டுப்படுத்துவதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, இப்போதும் அப்படித்தான்.

இந்த அணுகுமுறை எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் நடத்தையை மாற்றுகிறோம் என்ற பெயரில், விடுதிகளில் மின்னதிர்ச்சி கொடுப்பதும் முகத்தில் நீரைப் பீய்ச்சுவதும்கூட ஒரு காலத்தில் சிகிச்சையாக நடந்தன. அதற்கு எதிராக, வலியையும் அவமானத்தையும் கருவியாகக் கொள்ளாத வழி வேண்டும் என்று 1980-களின் நடுவில் அமெரிக்காவில் எழுந்த முயற்சியே இது. 1990-ல் ராபர்ட் ஹார்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தது. 1997-ல் அந்நாட்டின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கல்விச் சட்டத்திலும் இது இடம்பெற்றது. எனவே பிள்ளையைச் சொன்னபேச்சு கேட்கவைப்பது இதன் முதல் நோக்கமாக இருக்க முடியாது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், தங்கள் சிறுவயதில் கைகளை அசைத்ததற்கும் கண்ணைப் பார்க்காததற்கும்கூடத் திருத்தப்பட்டதைப் பற்றி வேதனையோடு பேசிவருகிறார்கள். அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். என் மகன் மகிழ்ச்சி வந்தால் கைகளைப் படபடவென்று அசைப்பான். உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்காக அதை நிறுத்த நான் ஒருபோதும் முயல மாட்டேன். யாருக்கும் தீங்கில்லாத ஒன்றை, பார்ப்பவர் கண்ணுக்காக மாற்றுவது ஆதரவு ஆகாது.

எல்லாவற்றையும் பெற்றோரே நோட்டுப் புத்தகத்தை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயதுவரை கீழே விழுந்து புரண்டு அழுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. அதற்கெல்லாம் பதற வேண்டாம். ஆனால் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, தலையைச் சுவரில் மோதும் பிள்ளை, வந்த பேச்சையோ பழகிய பழக்கத்தையோ இழக்கும் பிள்ளை, வயது ஏறியும் பிறரைக் காயப்படுத்தும் பிள்ளை ஆகியோரை மருத்துவரிடமும் உளவியலாளரிடமும் தாமதிக்காமல் அழைத்துப்போக வேண்டும். அங்கே போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்துவிடும். முதலில் நான் பார்த்த ஓர் ஆலோசகர், பத்து நிமிடத்தில் என்னைப் பார்த்து, நீங்கள் கண்டிப்பாக இல்லாததுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் என் வாழ்வில் ஓராண்டைத் தின்றுவிட்டது. தூக்கமில்லாமல், உதவிக்கு ஆளில்லாமல், பிறர் பார்வைக்குக் கூனிக்குறுகி நிற்கும் தாயிடம் குற்றத்தைச் சுமத்துவது எளிது. அவள் அன்று மாலை ஆறு மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

இந்த இடத்தில்தான் தங்கள் நாளிதழ் உதவ முடியும் என்று நம்புகிறேன். பிடிவாதத்தை ஒழிக்க ஐந்து வழிகள் என்பது போன்ற குறிப்புகளைக் குறைத்துக்கொண்டு, ஒரு குடும்பத்தின் ஒரு சிக்கலை எடுத்து, அதன் முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பயிற்சி பெற்ற உளவியலாளரோ சிறப்பாசிரியரோ ஆற அமர ஆராய்ந்து எழுதும் பகுதியை வாரம் ஒருமுறை வெளியிடலாம். பெயர் வேண்டாம், படம் வேண்டாம்; கேள்வி உண்மையானதாக இருந்தால் போதும்.

அந்தத் தாய்க்கு: எத்தனை நாளாகும் என்றுதான் அடுத்து கேட்பீர்கள். எங்களுக்கு முதல் மாற்றம் தெரிய மூன்று வாரம் ஆனது; கடி அரிதாகிப்போக ஓராண்டுக்கு மேல் ஆனது; முற்றிலும் நிற்கவில்லை. போன வாரம்கூட ஒருநாள், பள்ளி விடுமுறை முடிந்த மறுநாள், மணிக்கட்டை வாய்வரை கொண்டுபோனான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். எழுந்து போய்ச் சுவரிலிருந்த படங்களில் பள்ளிக்கூடப் படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தான். போகப் பிடிக்கவில்லை என்று சொல்கிறான். பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசிரியையிடமும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி, ஒரு தாய்